கூடம் மூடப்படாமல் காத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். மின்கட்டணச் சுமையால், நம் சமுதாயக் கூடத்தைப் பூட்டிவிடலாமா என்று சென்ற கோடையில் பேசும் நிலைக்கு எப்படி வந்தோம் என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இம்முறை குறைந்து வந்த மின்கட்டண ரசீதைப் பார்த்ததும், கணக்கை முடிப்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

மின்சாதனங்களை நேரப்படி தானாகவே அணைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை அமைத்துத் தந்த பாலிடெக்னிக் மாணவர்கள், கூலி வாங்க மறுத்த எலக்ட்ரீஷியன், 75 வாட் மின்விசிறிகளுக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறிகளை வாங்கித் தந்த நன்கொடையாளர்கள், ஏ.சி. 24 டிகிரிக்குக் கீழே இறங்காது என்பதை ஏற்றுக்கொண்ட விசேஷ வீட்டார் ஆகிய எல்லோருக்கும் குழுவின் நன்றி.

ஆனால் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் நம் அக்காவைப் பற்றித் தனியே எழுதியாக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். காலையில் திறக்கும்போதும் இரவில் பூட்டும்போதும் மீட்டரில் தெரிந்த எண்ணை, நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறம் பென்சிலால் எழுதி, “மாடியில் தையல் வகுப்பு, நாலரைக்கு முடிந்தது” என்பதுபோல அன்றைய நிகழ்ச்சிகளையும் குறித்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். இதைச் செய்யுமாறு அவரிடம் யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் நாங்கள் கவலைப்பட்டது காதில் விழுந்ததால் தாமாகவே தொடங்கியிருக்கிறார்.

இரவு எண்ணுக்கும் மறுநாள் காலை எண்ணுக்கும் இடையிலிருந்த வித்தியாசம்தான், பூட்டிய கட்டடத்துக்குள்ளும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது. குடிநீர்க் குளிர்விப்பானும் வராந்தா விளக்குகளும் விடியும்வரை அணைக்கப்படாமல் இருந்தன. இன்று அவற்றை நேரப்படி அணைப்பது அந்தப் பெட்டிதான் என்றாலும், அதில் பதிந்துள்ள நேரங்கள் அக்காவின் தாள்களிலிருந்து எடுத்தவை. அசைவை உணரும் சென்சார், தியான வகுப்பில் அசையாமல் அமர்ந்திருப்பவர்களை ஆளில்லை என்று கருதி விளக்கை அணைத்துவிடும். எந்த அறையில் எந்தக் கிழமை தியானம் நடக்கிறது என்பது தாளில் இருந்ததால், அங்கு மட்டும் சென்சாரைத் தவிர்த்து நேர அட்டவணையை வைத்தோம். கட்டடத்தை அவரைப்போல் அறிந்தவர் எங்கள் குழுவில் எவருமில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

இனி அட்டவணையில் எந்த மாற்றமும் அவரைக் கலந்தே செய்யப்படும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ரசீது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மிச்சமாகும் தொகையைக் கொண்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக வாசிப்பறையை இரவு ஒன்பது மணிவரை திறந்து வைக்கவிருக்கிறோம்.

நன்றியுடன்,
செயலாளர்,
சமுதாயக் கூடப் பராமரிப்புக் குழு