சின்னம்மாவுக்கு: அம்மாவைக் கடலில் இறக்கிய கதை

அன்புள்ள சின்னம்மா,

"வயது போன மனுசியைக் கடலுக்குள்ள இறக்கினனியாம், உனக்கென்ன விசரோ?" என்று நீங்கள் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். இதையே மாமியும் கேட்டுவிட்டார், கனடாவில் இருக்கிற பெரியம்மாவும் கேட்டுவிட்டார். ஆளாளுக்குத் தனித்தனியாக விளக்கம் சொல்லி முடியாது. அதனால் எல்லாரும் வாசிக்கிற மாதிரி இங்கேயே எழுதிவிடுகிறேன். முதலில் ஏசியது நீங்கள் என்பதால் கடிதம் உங்களுக்கு.

அம்மாவை நான் அலையில் கொண்டுபோய் விடவில்லை. சிட்னியின் கிழக்குக் கரையில் கூஜி என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே பாறைக்கு நடுவில், கடற்பக்கம் சுவர் வைத்துக் கட்டிய பொதுக் குளம் ஒன்றில்தான் இறக்கினேன். நியூ சவுத் வேல்ஸ் கரை நெடுக இப்படி நூறளவு குளங்கள் இருக்கின்றன. கடல் பெருகும் நேரத்தில் அலை சுவருக்கு மேலால் வந்து விழுந்து குளத்துத் தண்ணீரை மாற்றிவிட்டுப் போகும். குளோரின் மணம் கிடையாது. சின்ன மீன்களும் நண்டும் உள்ளேயே சீவிக்கும்.

திறந்த கடலில் அம்மாவை விட எனக்கும் பயம்தான். இந்த ஊர்க் கடற்கரைகளில் ஆளை விழுத்துவது பெரும்பாலும் பெரிய அலை இல்லை, இழுவை நீர். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் ஓர் ஒடுங்கிய வழியால் கடலுக்குத் திரும்பிப் பாயும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்த்தால் அமைதியாக இருக்கும். புதிதாக வந்த சனம் அதை நம்பி அங்கேதான் இறங்கும். உயிர்காப்பாளர்கள் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி நட்டு, அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்கச் சொல்வது இதனால்தான். குளத்தில் இந்த இழுவை இல்லை. அலை பெரிதாக இருக்கிற நாளில் பலமாகச் சுவரைத் தாண்டி வரும், அன்றைக்குப் போகக்கூடாது. பெருமழை பெய்து முடிந்த கையோடும் போகக்கூடாது, தெருத் தண்ணீர் எல்லாம் கடலுக்குத்தான் வரும். அப்படிப்பட்ட நாளிலா அம்மாவைக் கொண்டுபோவேன்?

நாங்கள் போன குளத்துக்குப் பெயர் மக்ஐவர்ஸ். பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டும். 1886இலிருந்து இருக்கிறது. பெண்களுக்கென்றே இருக்கிற கடல்நீர்க் குளம் ஆஸ்திரேலியாவில் இப்போது இது ஒன்றுதான். ஆண்களைத் தடுப்பது பாகுபாடு என்று பிரச்சினை கிளம்பி, 1995இல் பாகுபாடு எதிர்ப்புச் சட்டத்திலிருந்து விலக்கு வாங்கி நிலைத்தது. பெண்கள் நீச்சல் சங்கம் ஒன்று, தொண்டர்களை வைத்துக்கொண்டு நடத்துகிறது. சும்மா பெயருக்கு ஒரு தொகைதான் கட்டணம். படம் எடுக்க விடமாட்டார்கள், அதனால் அம்மாவின் படம் கேட்டு எனக்குத் தொல்லை தராதீர்கள்.

உடுப்பு விஷயத்தில் வீட்டிலேயே ஒரு சண்டை நடந்தது. குறுக்குக்கட்டோடு இறங்கினால் என்ன என்று அம்மா கேட்டார். நனைந்த பருத்திச் சேலை காலைச் சுற்றினால் தடக்கி விழவேண்டி வரும் என்று சொல்லி, கை நீண்ட நீச்சல் மேற்சட்டையும் கணுக்கால் வரைக்குமான காற்சட்டையும் வாங்கிக் கொடுத்தேன். அங்கே போனால் தலையிலிருந்து கால்வரை மூடிய முஸ்லிம் பெண்கள் ஒரு பக்கம், மேலாடையே இல்லாமல் பாறையில் குப்புறக் கிடந்த வெள்ளைக்காரக் கிழவி இன்னொரு பக்கம். அம்மா ஒரு நிமிடம் பார்த்தார். "அவரவர் பாடு" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். கோயிலடியில் யாராவது கையில்லாச் சட்டை போட்டு வந்தாலே ஒரு கிழமை பேசுகிறவர் இவர்!

இறங்கிக் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "இது கீரிமலைப் பொம்பிளையளின்ர கேணி மாதிரியெல்லோ" என்றார். யாழ்ப்பாணத்துக் கடலோரத்தில் இருக்கிற அந்த நன்னீர்க் கேணி எனக்கு மங்கலான ஞாபகம்தான். 1990க்குப் பிறகு யுத்தத்தால் அந்தப் பக்கம் சனம் போகமுடியாமற் போனது, திரும்பத் திறந்தபோது நான் இங்கே. ஆனால் உங்கள் இருவருக்கும் அப்படியில்லையே. அம்மம்மா ஆடி அமாவாசைக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். மதில் கட்டிய கேணிக்குள் நீங்கள் முங்கி முங்கி எழும்ப, மதிலுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டு இருக்குமாம். சுண்ணாம்புக்கல்லுக்கூடாக ஊறி வருகிற அந்த நல்ல தண்ணீர் கடலோரம் வரை உப்பாகாமல் வருகிறதே என்று அம்மாவுக்கு இன்றைக்கும் ஆச்சரியம். இங்கே சுவருக்கு இரண்டு பக்கமும் உப்புத்தான். ஒரு வாய் குடித்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

உப்பிலும் ஒரு நன்மை இருக்கிறது, சின்னம்மா. கடல்நீரில் லீட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு, அதனால் ஆள் சுலபமாக மிதக்கும். முழங்கால் வலியால் ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் நிற்கமாட்டாத மனுசி, நெஞ்சளவு தண்ணீரில் நின்று, பக்கத்தில் நின்ற ஒரு கிரேக்கப் பாட்டியோடு கதைத்தார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. என் மகள் குறுக்கே போய் மொழிபெயர்க்கப் பார்த்தாள், இருவருமாகச் சேர்ந்து அவளைத் துரத்திவிட்டார்கள்.

இவரும் மகனும் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். பக்கத்திலேயே, நடந்து போகிற தூரத்தில், வைலிஸ் என்று இன்னொரு கடல்நீர்க் குளம். 1907இல் ஹென்றி வைலி என்பவர் கட்டியது, ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்தவிட்ட ஆரம்பகால இடங்களில் ஒன்று. மரத்தூண்களில் நிற்கிற பலகைத் தளம், கீழே 50 மீட்டர் குளம். மகன் கடல்முள்ளியைக் கண்டு கத்தியதைத் தவிர அங்கே விசேஷம் இல்லை. இவர் வெயிலில் நித்திரை.

அந்த வைலியின் மகள் மினாவின் கதைதான் அம்மாவுக்கு மிகவும் பிடித்தது. வைலிஸில் அவளுக்குச் சிலையும் உண்டு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக நீச்சல் போட்டி வைத்தார்கள். மினாவும் அவளுடைய தோழி ஃபேனி டுராக்கும் இந்தப் பக்கத்துக் குளங்களில் பழகியவர்கள். போக விடவில்லை. பெண்கள் ஆண்கள் பார்க்கப் போட்டியில் நீந்தக்கூடாது என்று நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கமே விதி வைத்திருந்தது. தலைவி ரோஸ் ஸ்காட், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று போராடிய அதே ரோஸ் ஸ்காட்! வாக்குப் போடலாம், நீந்தத்தான் கூடாது. சனம் சத்தம் போட்டுச் சங்கம் விதியை மாற்றியது, ரோஸ் ஸ்காட் பதவியை விட்டுப் போனார், பொதுமக்கள் காசு சேர்த்து இருவரையும் அனுப்பினார்கள். 100 மீட்டரில் ஃபேனிக்குத் தங்கம், மினாவுக்கு வெள்ளி. காரில் திரும்பும்போது இதைச் சொன்னேன். "அப்ப எங்கட சங்கத்துக்காரர் மாதிரித்தான்" என்றார் அம்மா. எந்தச் சங்கம் என்று உங்களுக்குத் தெரியும், நான் எழுதவில்லை.

உங்கள் விசாவுக்கு இவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். கிடைத்தால் பெப்ரவரி, மார்ச்சில் வாருங்கள், இங்கே கடல் ஓரளவு சூடாக இருப்பது அப்போதுதான். செப்டெம்பரில் வந்தால் கால் நனைக்கவே மனம் வராது. கிழமை நாளில் போவோம், சனி ஞாயிறில் கார் நிறுத்த இடம் தேடியே பகல் போய்விடும். இறங்குகிற படிகள் உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம், ஆறுதலாக இறங்கலாம். உடுப்புக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன், அளவை எனக்குத் தனியாக அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போடவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்