ரெக்ஸ் பதுங்கிக் கிடக்கிறான்

அன்பு மகளுக்கு,

உன் கேமில் வரும் பேய்க்கு இன்னும் சத்தம் சேர்க்கவில்லை, அதனால் யாரும் பயப்படவில்லை என்று நேற்று போனில் அலுத்துக்கொண்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் இந்தக் கதையை அப்போது சொல்லவில்லை.

1982. நான் லண்டனுக்குப் படிக்க வந்த புதிது. அறைத்தோழன் சின்கிளேர் இசட்எக்ஸ்81 என்ற சின்ன வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருந்தான். கடையில் 69.95 பவுண்டு, நாமே பற்றவைத்துப் பூட்டிக்கொண்டால் 49.95. அவன் பற்றவைத்தவன். கலர் கிடையாது, சத்தம் கிடையாது, நினைவகம் 1 கே, அதாவது ஒரே ஒரு கிலோபைட். பின்னால் 16 கே நினைவகப் பெட்டி ஒன்றைச் செருகினால்தான் '3டி மான்ஸ்டர் மேஸ்' ஓடும்; சிக்கலான சந்துகளுக்குள் ரெக்ஸ் என்ற டைனோசர் நம்மைத் துரத்தும் கேம் அது. கேசட்டிலிருந்து அது ஏறுவதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம்.

அதை எழுதியவர் மல்கம் எவன்ஸ் என்ற இன்ஜினியர்; மனைவி பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த இசட்எக்ஸ்81 அவரை அது வரைக்கும் கொண்டுபோகும் என்று யார் நினைத்தார்கள்? வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்த முதல் முப்பரிமாண விளையாட்டுகளில் ஒன்று என்று இன்றும் புகழ்கிறார்கள். புகழட்டும். என்னைப் பயமுறுத்தியது முப்பரிமாணம் அல்ல, திரையில் வந்த ஒரு வரி.

விசைப்பலகையில் 5 இடது, 8 வலது, 7 முன்னே. பின்வாங்க வழியில்லை, முழுதாகத் திரும்பித்தான் ஓட வேண்டும். 'ரெக்ஸ் பதுங்கிக் கிடக்கிறான்' என்று வரும். சரி, பரவாயில்லை. அப்புறம் 'காலடிச் சத்தம் நெருங்குகிறது'. சத்தமே போடத் தெரியாத பெட்டி இதை எழுதிக் காட்டும், எனக்குக் காதில் கேட்கும்! மூலை திரும்பினால் தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்த கணம் இரண்டு கால்கள், மாறி மாறி. அதற்கடுத்து திரை முழுக்கப் பல்.

ஒரு நாள் இரவு 'ஓடு, அவன் உன் பின்னால்' என்று வந்ததும் துள்ளி எழுந்தேன். முழங்கை பட்டு 16 கே பெட்டி ஆடியது; எல்லாம் அழிந்தது. தோழன் ஒன்றும் பேசாமல் கேசட்டைப் பின்னுக்குச் சுற்றினான். நான் இன்னொரு தேநீர் போடப் போனேன்.

சத்தம் வரும்வரை காத்திராதே. திரையில் கீழே ஒரு வரி எழுதிப் பார், எனக்கு அனுப்பு. பகலில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா