மேடு ஏறும் வண்டியாகப் பார்

அன்புள்ள கண்ணு,

நீ வாங்க நினைத்து அனுப்பிய இரண்டு பழைய கார்களின் படங்களையும் பார்த்தேன். அம்மாவுக்குச் சிவப்பு ஆல்டோ பிடித்திருக்கிறது. எனக்கு அந்த 2014 மாடல் வேகன் ஆர். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். மாப்பிள்ளையும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கோயம்புத்தூருக்குள் ஆபீஸ் போய்வர மட்டும் என்றால் ஆல்டோ 800 தாராளமாகப் போதும். ஆனால் நீங்கள் குழந்தை, உன் மாமியார், பைகள் எல்லாவற்றோடும் குன்னூருக்கு அடிக்கடி வரப்போகிறீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏற்றம். மேலே வர வரக் காற்று லேசாகும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். ஆல்டோவின் 796 சி.சி. இன்ஜினுக்குத் தரையிலேயே 48 குதிரைத்திறன்தான். ஊட்டிக்கு வந்தால் அதுவும் நாற்பதுக்குக் கீழே போய்விடும். வேகன் ஆரின் 998 சி.சி. இன்ஜினுக்கு 68. வளைவில் முன்னால் போகும் பஸ் நின்று, நீயும் நின்று, முதல் கியரில் மறுபடி கிளப்பும்போது அந்த இருபதின் அருமை தெரியும். ஆல்டோவில் ஏறவே முடியாது என்று சொல்லவில்லை. ஏசியை அணைத்துவிட்டு எத்தனையோ பேர் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் டாக்ஸி ஸ்டாண்டு காலத்துக் கார்புரேட்டர் வண்டிகள் மேலே வந்தால் கரும்புகை கக்கும். இப்போதைய இன்ஜின் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது, அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இல்லாத சக்தியை அது எங்கே போய்க் கொண்டுவரும்?

இன்னொன்று, ஆல்டோ 800-இல் டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளை ஓட்டும் ரப்பர் பட்டை; அவ்வப்போது மாற்ற வேண்டும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். வேகன் ஆரில் செயின், அந்தச் செலவு இல்லை.

மாப்பிள்ளை டீசல் ஸ்விஃப்ட் பார்க்கலாமா என்றாராம். இழுவை நன்றாகத்தான் இருக்கும். பழைய டீசலில் டர்போவோ இன்ஜெக்டரோ போனால் வரும் பில்லை உங்கள் பட்ஜெட் தாங்காது. பெட்ரோலே போதும்.

டி.என். 43, அதாவது எங்கள் நீலகிரி நம்பர் வண்டியாக வாங்கினால் மலைக்கு வர இ-பாஸ் வேண்டாமே என்று கேட்டிருந்தாய். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம், எங்கள் நம்பருக்குத் தேவையில்லை, உண்மைதான். ஆனால் மலையிலேயே ஓடிய வண்டிக்குக் கிளட்ச்சும் பிரேக்கும் நிறைய உழைத்திருக்கும். பனியிலும் சாரலிலும் நின்று அடிப்பக்கம் துருப்பிடித்திருக்கும். போனில் எடுக்கிற பாஸுக்காக அப்படி ஒரு வண்டியைத் தலையில் கட்டிக்கொள்ளாதே.

அந்த வேகன் ஆர் சென்னை நம்பர். அதில்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன! நீ போனால் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழு. மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவ மாட்டார்கள். அங்கே சேற்றுக் கறை இருந்தால் பேசாமல் வந்துவிடு. அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தப் பள்ளத்தில் வண்டல் இருக்கிறதா பார்.

கிளட்ச்சுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். சமதரையில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விடு. இன்ஜின் உடனே அணைந்துவிட்டால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. வண்டியை விற்றுத்தரும் கன்சல்டிங்காரர் சம்மதித்தால் அடிவாரத்துக் கல்லாறு தாண்டி இரண்டு வளைவாவது ஓட்டிப் பார்ப்போம். மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்றும் பார்க்கணும். குன்னூரிலிருந்து இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்கு. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பர்லியாறு வருவதற்குள் கருகல் வாசம் வந்துவிடும். வாங்கியதும் பிரேக் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

கையில் இருக்கும் 3 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதே. 40,000 ரூபாயாவது தனியாக வை. படத்தில் டயரைப் பெரிதாக்கிப் பார்த்தேன், 2318 என்று இருக்கிறது. 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருக்கும், மழையில் வழுக்கும். நாலையும் மாற்றியாகணும். அதைச் சொல்லியே விலையைக் குறை.

ஆர்.சி.யில் பாங்க் கடன் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கு பாங்க் தரும் என்.ஓ.சி.யும் அந்தப் பெயரை நீக்கும் ஃபார்ம் 35-உம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதே. ஆர்.சி.யை உன் பெயருக்கு மாற்றும் ஃபார்ம் 29, 30 இரண்டிலும் பழைய ஓனர் கையெழுத்து வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்று; கிளெய்ம் கேட்காததற்கு அவருக்குக் கிடைத்த தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ், உனக்கு வராது. 2014 வண்டி என்பதால் 2029-இல் ஆர்.சி. புதுப்பிக்கும் செலவும் பசுமை வரியும் வரும், அதையும் மனதில் வை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதே. நாங்கள் வருவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று கன்சல்டிங்காரரிடம் இப்போதே சொல்லிவிடு. இன்ஜின் ஆறியிருந்தால்தான் முதல் ஸ்டார்ட்டில் புகையும் சத்தமும் தெரியும். நான் பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

அன்புடன்,
அப்பா