கிழக்கு அறை ஜன்னல்

அன்புள்ள கார்த்திக்,

பணம் அனுப்புகிறேன், எல்லா ஜன்னலையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள் என்றாய். போனில் பதில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கிழக்கு அறை ஜன்னலை மாற்றித்தான் ஆக வேண்டும். 2016-இல் வர்தா புயல் அடித்த அடியில் ஆட்டம் கண்டது. இப்போது மழைக்காலத்தில் ஊறிப்போய்ச் சாத்த வருவதில்லை, கோடையில் சுருங்கிக் கொக்கி மாட்டுவதில்லை. போதாததற்குக் கீழ்ச்சட்டத்தில் கரையான். பழைய நிலைச்சட்டத்துக்குள்ளேயே புதுசைச் செருகிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கரையான் அரித்த மரத்தின் மேல் எதைச் செருகி என்ன பயன்? நிலையைப் பெயர்த்துத்தான் வைக்க வேண்டும். ஹால் தேக்கு ஜன்னலுக்கு ஒரு குறையும் இல்லை, அதைத் தொடவிட மாட்டேன்.

உங்கள் ஊரில் வினைல் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னலை இங்கே யுபிவிசி என்கிறார்கள். திருவான்மியூர் உப்புக்காற்றில் துருப்பிடிக்காது, கரையான் அண்டாது, சரிதான். ஆனால் கீழ்வீட்டு ஜன்னலைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. விலை குறைவென்று போட்டார்கள், வெள்ளைச் சட்டம் மஞ்சளாகிவிட்டது. வெயில் தாங்க டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொடி போதுமான அளவு சேர்க்க வேண்டுமாம், அதில் கைவைத்தால் இப்படித்தான். இதைவிடக் கூத்து, ஸ்லைடிங் தண்டவாளத்தில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகளைப் பொருத்த வந்த ஆள் சிலிக்கோன் பசை வைத்து அடைத்துவிட்டான். மழை பெய்தால் தண்டவாளம் நிரம்பித் தண்ணீர் கட்டில் பக்கம் வழிகிறது.

அதனால் நான் போன கடைகளில் எல்லாம் சட்டத்தின் வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்கினேன். நீ அனுப்பிய நயாகரா காந்தம் பிரிட்ஜில் ஒட்டியிருக்குமே, அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். நல்ல துண்டின் உள்ளே அறை அறையாக இருக்கிறது, நடு அறையில் துத்தநாகம் பூசிய இரும்பு. காந்தம் டக்கென்று ஒட்டியது. இன்னொரு கடைத் துண்டில் வெறும் பொந்து. 'மூன்றாவது மாடிக்கு இது போதும் அம்மா' என்றார் கடைக்காரர். சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக் காலத்து வெர்னியர் அளவுகோலை எடுத்துத் துண்டுகளின் சுவர் கனத்தை அளந்தார். ஐரோப்பியத் தரத்தில் ஏ வகுப்பென்றால் வெளிச்சுவர் 2.8 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஒரு துண்டு 2 மில்லிமீட்டர் கூடத் தேறவில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ!

ஸ்லைடிங் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். எப்போதும் பாதி ஜன்னல்தான் திறக்கும், மத்தியானக் கடற்காற்றில் பாதி போய்விடும். திறந்து மூடுகிற கதவாக இருந்தால் ரப்பரோடு அழுத்திப் பூட்டிக்கொள்ளும், ஐப்பசிச் சாரல் உள்ளே வராது. கிரில் வெளியே இருப்பதால் கதவு உள்பக்கம் திறக்க வேண்டும், அப்போது கொசுவலை வெளிப்பக்கம் போய்விடுகிறது. கழற்றிக் கழுவுவது எப்படி என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

நீ சொன்ன இரட்டைக் கண்ணாடி உங்கள் டொரண்டோ குளிருக்குச் சரி. நாங்கள் வருஷத்தில் பாதி நாள் ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பவர்கள், எதற்கு அந்தச் செலவு? ஒற்றைக் கண்ணாடி, 5 மில்லிமீட்டர், டஃபன்ட் என்கிற சூடேற்றிக் கெட்டியாக்கிய வகை போதும். மிச்சப் பணத்தை டிக்கெட்டுக்கு வை.

கரையான் தொடாத மேல்பலகை நல்ல தேக்கு. அதில் ஒரு மணை செய்யலாம் என்கிறார் ஆசாரி. பாப்பாவுக்கு வேண்டுமா? அளவு சொல்.

அம்மா