முதல் ஆட்டத்துக்கு ஒரே ஒரு தாள்: எக்ஸ்-விங் விதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு விண்கலப் பொம்மைகளை மேசையில் நகர்த்தி ஆடும் ஸ்டார் வார்ஸ் போர் விளையாட்டான எக்ஸ்-விங்கின் விதிகளை இன்று கையில் வைத்திருக்கும் இரு தரப்புத் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

இந்த விளையாட்டுக்கு இனிப் புதிதாக எதுவும் வராது என்று அதை வெளியிட்டுவந்த அட்டாமிக் மாஸ் கேம்ஸ் நிறுவனம் 2024 ஜூனில் அறிவித்தது. அதற்குப் பிறகும் ஆட்டம் நிற்காததற்குக் காரணம் நீங்கள்தான். கலங்களுக்குப் புள்ளி மதிப்பு உண்டு; ஒரு தரப்பு மொத்தம் 200 புள்ளிப் படையோடு ஆடும் பழைய இரண்டாம் பதிப்பைக் காக்கிறது. இன்னொரு தரப்பு 2022இல் 20 புள்ளிப் படையோடு வந்த விதிகளின் வழியைத் தொடர்கிறது. எது மேல் என்ற பஞ்சாயத்துக்கு நாங்கள் வரவில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: புதிதாக வருகிறவர் ஆடும் முதல் ஆட்டத்துக்கு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே ஒரு ஏ4 தாளைச் சேர்ந்து வெளியிடுங்கள். இருபுறமும் அச்சடித்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

ஏன் இப்போது? முன்பு புதியவர் கடையில் சீல் உடையாத பெட்டியை வாங்கினார், உள்ளே இருந்த அறிமுகக் கையேட்டைப் படித்து ஆடினார். இப்போது பெரும்பாலும் யாரோ விற்ற பழைய பெட்டிதான் கைக்கு வருகிறது. அதற்குள் எந்தப் பதிப்பின் அட்டை எதோடு கலந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கலங்கள் வண்ணம் பூசியே வருவதால் முதல் பார்வையில் ஆசை வந்துவிடும். அடுத்த அரைமணி நேரத்தில் அந்த ஆசையைக் கெடுப்பவை விதிகள்கூட அல்ல, பொருந்தாத பாகங்கள்.

ஆகவே தாளின் முதல் பக்கம் பெட்டியை அடையாளம் காட்ட வேண்டும். தொடக்கப் பெட்டிகள் மூன்று. 2012இல் வந்த முதல் பதிப்பிலும் 2018இன் இரண்டாம் பதிப்பிலும் ஒரு டி-65 எக்ஸ்-விங் கலமும் இரண்டு டை ஃபைட்டர் (சுருக்கமாக டை) கலங்களும் இருக்கும். 2015இல் வந்த பெட்டியில் டி-70 எக்ஸ்-விங்கும் இரண்டு டை/எஃப்ஓவும் இருக்கும். அதுவும் முதல் பதிப்பைச் சேர்ந்ததே. பதிப்பைக் கண்டுபிடிக்க டயலை, அதாவது கலத்தின் நகர்வைத் தேர்ந்தெடுக்கத் திருப்பும் வட்டைப் பார்த்தாலே போதும். எளிதான நகர்வுகள் பச்சையில் இருந்தால் முதல் பதிப்பு, நீலத்தில் இருந்தால் இரண்டாம் பதிப்பு. எதிரியைக் குறிவைத்ததைக் காட்டும் டார்கெட் லாக் டோக்கன்கள் (சிறு அட்டை வில்லைகள்) எழுத்துகளோடு நீலமும் சிவப்புமாக ஜோடி ஜோடியாக இருந்தால் அவையும் பழையவை.

இரண்டையும் கலந்து ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு அடியிலிருந்து தப்பிக்க உதவும் எவேட் டோக்கன் நல்ல உதாரணம். முதல் பதிப்பில் அதைச் செலவழித்தால் உங்கள் பகடைகளுக்கு மேல் கூடுதலாக ஒரு தப்பித்தல் கிடைக்கும். இரண்டாம் பதிப்பில் ஏற்கெனவே விழுந்த ஒரு வெற்று முகத்தையோ கண் படம் உள்ள முகத்தையோதான் தப்பித்தலாக மாற்றலாம். தற்காப்புக்கு உருட்டும் மூன்று பச்சைப் பகடையும் தப்பித்தலாகவே விழுந்திருந்தால் பழைய விதியில் நான்கு, புதிய விதியில் மூன்று. எதிரே இருப்பவர் வேறு கையேட்டைப் படித்திருந்தால் சண்டை மேசைக்கு வெளியே நடக்கும். எக்ஸ்-விங்கின் உடல் வலுவும் மாறியிருக்கிறது: முதல் பதிப்பில் 3 ஹல் (உடல் தாங்கும் அடிகள்), 2 ஷீல்டு (அதற்கு முன் அடியை ஏற்கும் கவசம்), இரண்டாம் பதிப்பில் 4 ஹல், 2 ஷீல்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பழைய பெட்டியின் பொம்மைகள் அப்படியே பயன்படும். மாற வேண்டியவை கார்டு, டயல், பேஸில் செருகும் அட்டை ஆகிய மூன்றும்தான். அதற்காக விற்கப்பட்டதே கன்வர்ஷன் கிட். அந்தப் பெரிய பெட்டிக்குள் கலம் ஒன்றுகூட இருக்காது, அட்டைகள் மட்டுமே. பெட்டியின் பருமனைப் பார்த்துக் கலங்கள் இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அடுத்து எண்ணிக்கை. 11 நகர்வு டெம்ப்ளேட்டுகள் (கலத்தை நகர்த்த மேசையில் வைக்கும் அளவு அட்டைகள்) இருக்க வேண்டும்: நேர்க்கோட்டில் 1 முதல் 5 வரை ஐந்து, 45 பாகை வளைவில் மூன்று, 90 பாகைத் திருப்பத்தில் மூன்று. ஒரு தூர அளவுகோல், 300 மிமீ நீளம், தூரம் 1, 2, 3 என மூன்று பிரிவுகள். 33 சேதக் கார்டுகள். தாக்க மூன்று சிவப்புப் பகடை, தற்காக்க மூன்று பச்சைப் பகடை. இந்தப் பகடைக் கணக்கு முதல் ஆட்டத்திலேயே இடிக்கும். தூரம் 1இல் சுடும் எக்ஸ்-விங் நான்கு சிவப்பு உருட்ட வேண்டும், தூரம் 3இல் தாக்கப்படும் டை நான்கு பச்சை உருட்ட வேண்டும். பெட்டியில் மூன்றுதான் என்பதால், மூன்றின் முடிவைக் குறித்துக்கொண்டு ஒன்றை எடுத்து மீண்டும் உருட்டச் சொல்லுங்கள். குறிக்காமல் உருட்டினால், கண் முகங்களைப் பயனுள்ளதாக மாற்றும் ஃபோகஸ் டோக்கனைச் செலவழிக்கும்போது எந்தக் கண் எதில் விழுந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

டெம்ப்ளேட் தொலைந்துபோனவர்கள் வீட்டில் அச்சடித்துக்கொள்வார்கள். அங்கே எப்போதும் நடக்கும் கோளாறு, அச்சு இயந்திரம் பக்கத்துக்குப் பொருந்தும்படி படத்தைச் சுருக்கிவிடுவது. தாளின் மூலையில் 40 மிமீ சதுரம் ஒன்றை அச்சிட்டு, சிறிய கலத்தின் பேஸை அதன் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னால் அளவுகோலே தேவையில்லை. சிறிய பேஸின் பக்கமும் 40 மிமீ, நேர் 1 டெம்ப்ளேட்டின் நீளமும் 40 மிமீ.

பழைய பெட்டியில் நிச்சயம் உடைந்திருக்கப்போவது பெக், அதாவது கலத்தைத் தாங்கும் தெளிந்த பிளாஸ்டிக் தண்டு. அதன் மெல்லிய நுனி கலத்தின் அடித்துளைக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும். இறக்கையைப் பிடித்துத் திருகுவதால்தான் பெரும்பாலும் முறிகிறது. கலத்தின் வயிற்றைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். முறிந்த துண்டைக் கைத்துளைப்பானால், நடுவில் இருந்து மெதுவாகத் தோண்டி எடுக்கலாம். தெளிந்த பிளாஸ்டிக்கில் ஃபெவிக்விக் வகைப் பசையைத் தொடவிட்டால் அதன் ஆவி படிந்து வெள்ளையாக மங்கிவிடும். டை கலத்தின் பக்கப் பலகை கழன்றிருந்தால் மட்டும் அதே பசையில் ஊசிமுனை அளவு வைக்கலாம். கலத்தை ஒட்டும் வேலை முடியாவிட்டாலும் ஆடலாம், ஏனென்றால் தூரம், மோதல் எல்லாமே பேஸை வைத்துத்தான். மேலே இருக்கும் பொம்மை அழகுக்கு.

இரண்டாம் பக்கத்துக்கு வருவோம். இதை எழுதும்போது உங்கள் இரு தரப்புக்கும் கை பரபரக்கும் என்று தெரியும். தயவுசெய்து புள்ளிக் கணக்கு, படை அமைப்பு, தடைகள், போர்க்களக் காட்சிகள், மேம்பாட்டுக் கார்டுகள் எதுவும் வேண்டாம். ஒரு எக்ஸ்-விங், இரண்டு டை. எக்ஸ்-விங்குக்கு 4 ஹல்லும் 2 ஷீல்டும், டை ஒவ்வொன்றுக்கும் 3 ஹல். ஆறுக்கு ஆறு. இதைவிடச் சமமான தொடக்கத்தைத் தேட வேண்டியதில்லை.

விமானிகளின் தேர்வு முக்கியம். எக்ஸ்-விங்குக்கு ரெட் ஸ்குவாட்ரன் வெட்டரன், இனிஷியேட்டிவ் 3. இரண்டு டைக்கும் அகாடமி பைலட், இனிஷியேட்டிவ் 1. நகரும்போது குறைந்த எண் முதலில், சுடும்போது கூடிய எண் முதலில். இந்தத் தேர்வில் டை எப்போதும் முதலில் நகரும், எக்ஸ்-விங் எப்போதும் முதலில் சுடும். இரு தரப்பு எண்களும் சமமானால் யார் முதலில் என்ற கேள்வியும், அதற்கு நீங்கள் இரு தரப்பும் தரும் வெவ்வேறு பதில்களும் முதல் ஆட்டத்துக்குள் வரவே வராது. கதாநாயகன் லூக் ஸ்கைவாக்கரை விமானியாக எடுக்கத்தான் புதியவருக்கு மனம் வரும். இரண்டாவது ஆட்டத்தில் எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் இரண்டு சுற்றுகளின் நகர்வுகளைத் தாளே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. களம் மூன்றடிக்கு மூன்றடி, 914 மிமீ. இருவரும் தத்தம் விளிம்பிலிருந்து 100 மிமீக்குள், முன் கோட்டை ஒட்டிக் கலத்தை வைத்தால் நடுவே 714 மிமீ இருக்கும். நேராக நகரும் கலம் டெம்ப்ளேட்டின் நீளத்தோடு தன் பேஸின் 40 மிமீயையும் சேர்த்துக் கடக்கிறது. டெம்ப்ளேட்டை முன்னால் வைத்து, கலத்தைத் தூக்கி, அதன் பின்புறத்தை மறுமுனையில் பொருத்துவதால் வருவது அது. புதியவர்கள் இதைக் கணக்கில் கொள்வதே இல்லை. டை வேகம் 5இல் வந்தால் 240 மிமீ, எக்ஸ்-விங் வேகம் 4இல் வந்தால் 200 மிமீ. இடைவெளி ஒரே சுற்றில் 274 மிமீயாகச் சுருங்கிவிடும். அடுத்த சுற்றில் இருவரும் யோசனையாக வேகம் 3 வைத்தால்கூட மொத்தம் 320 மிமீ. மோதுவதைத் தவிர வேறு வழியில்லை. மோதிய கலத்துக்கு, நகர்ந்த பின் செய்யும் சிறப்புச் செயலான ஆக்‌ஷன் போய்விடும், பேஸ்கள் தொட்டுக்கொண்டிருந்தால் பழைய விதிப்படி சுடவும் முடியாது. ஆர்வமாக உட்கார்ந்த இருவர் இரண்டாவது சுற்றிலேயே ஒன்றும் செய்ய முடியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இதற்குப் பதிலாக முதல் சுற்றில் எல்லாரும் நேர் 2. இடைவெளி 474 மிமீ. இரண்டாம் சுற்றில் டை நேர் 2, எக்ஸ்-விங் நேர் 1. இடைவெளி 274 மிமீ, அதாவது தூரம் 3. முதல் குண்டு அங்கே பறக்கும். டைக்கு நேர் 1 கிடையாது என்பதும் டயலைத் திருப்பும்போதே தெரிந்துவிடும். இவ்விரு சுற்றுகளிலும் டயலைத் திறந்தே வைக்கட்டும். மூன்றாம் சுற்றிலிருந்து கவிழ்த்து வைத்து, ரகசியமாக ஆடட்டும்.

ஆக்‌ஷன்களில் ஃபோகஸ், எவேட், லாக் மூன்று போதும். கலம் பக்கவாட்டில் உருளும் பேரல் ரோலை அடுத்த ஆட்டத்துக்கு விடுங்கள்; டெம்ப்ளேட்டைப் பக்கவாட்டில் வைப்பது எப்படி என்று விளக்கவே அரைப்பக்கம் போய்விடும். ஃபோகஸுக்கு மட்டும் இடத்தைத் தாராளமாகக் கொடுங்கள், இந்த விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சிவப்புப் பகடையின் எட்டு முகங்களில் மூன்று அடி, ஒன்று கடும் அடி, இரண்டு கண், இரண்டு வெற்று. பச்சையில் மூன்று தப்பித்தல், இரண்டு கண், மூன்று வெற்று. ஃபோகஸ் செலவழித்தால் கண்ணெல்லாம் அடியாகவோ தப்பித்தலாகவோ மாறும். மூன்று சிவப்பின் சராசரி 1.5இலிருந்து 2.25க்கு ஏறும், மூன்று பச்சையின் சராசரி ஏறக்குறைய 1.1இலிருந்து 1.9க்கு ஏறும். எக்ஸ்-விங் முதலில் சுடுவதால், அடிபடும் டை தன் ஒரே ஃபோகஸைத் தப்பிக்கச் செலவிடுவதா, திருப்பிச் சுட வைத்திருப்பதா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும். அடிபடாத இன்னொரு டையின் ஃபோகஸ் முழுசாக மிச்சமிருக்கும். இரண்டு கலங்கள் வைத்திருப்பவரின் பலம் என்ன என்பது அப்போதுதான் கைக்குப் புரியும். சுற்றின் முடிவில் மிச்சமிருக்கும் ஃபோகஸ், எவேட் டோக்கன்களை எடுத்துவிட வேண்டும், லாக் மட்டும் தங்கும் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அதை மறந்து டோக்கன் சேர்த்துவைப்பவர்கள் அநேகம்.

சேதக் கார்டுகளைச் சுருக்க வேண்டாம். கடும் அடி ஷீல்டைத் தாண்டினால் கார்டை முகம் தெரியப் போட வேண்டும், சாதாரண அடிக்குக் கவிழ்த்துப் போட வேண்டும். இரண்டாம் பதிப்பின் 33 கார்டுகளில் ஐந்து நேரடித் தாக்கு, ஒன்றே இரண்டு சேதமாகக் கணக்காகும். மூன்று ஹல் டைக்கு அது என்ன செய்யும் என்று ஒருமுறை பார்த்தவர் இன்னொரு ஆட்டம் கேட்பார்.

இனி உங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய ஒரே இடம், மோதல் விதி. பழைய விதியில் மோதிய கலம் ஆக்‌ஷனை இழக்கும், தொட்டுக்கொண்டிருக்கும் எதிரியைச் சுட முடியாது. 2022 விதியில் எதிரியோடு மோதிய கலம் சிவப்பு ஃபோகஸ் (கூடவே ஸ்ட்ரெஸ் என்ற பாதக டோக்கனையும் தருவது) எடுக்கலாம், ஒட்டி நிற்கும் எதிரியைச் சுடவும் செய்யலாம். பின்னது ஆட்டத்துக்கு நல்லதா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஆனால் முதல் ஆட்டத்துக்குப் பழைய விதியைப் போடுங்கள் என்கிறோம். சிவப்பு ஆக்‌ஷன், அதனால் வரும் ஸ்ட்ரெஸ், அது தீரும் விதம் என்று மூன்று விளக்கங்களை அது மிச்சப்படுத்தும். ஸ்ட்ரெஸ் எப்படியும் டயலில் சிவப்பில் இருக்கும் கடினமான நகர்வு வழியாக வந்துவிடும்: வந்தால் ஆக்‌ஷன் கிடையாது, நீல நகர்வு செய்தால் நீங்கும். அவ்வளவே போதும். 2022 விதித் தரப்பினர் இந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தால், தாளின் மற்ற எந்த வரியிலும் இரு தரப்புக்கும் முரண்பாடு இருக்காது.

அடுத்து என்ன வாங்கலாம் என்பதைத் தாளில் எழுதாதீர்கள். முதல் பதிப்புக் காலத்தில் ஒரு கலத்தின் பலவீனத்தைச் சரிசெய்யும் கார்டு வேறொரு பெட்டிக்குள் இருந்தது. டை அட்வான்ஸ்டு என்ற கலத்தை ஆடத்தக்கதாக்கிய டை/எக்ஸ்1 கார்டு இம்பீரியல் ரைடர் என்ற பெரிய கப்பலோடு மட்டுமே வந்தது. ஒரு கார்டுக்காகக் கப்பல் வாங்கிய அந்தப் பழக்கம் பழைய ஆட்டக்காரர்களின் பேச்சில் இன்னும் ஒட்டியிருக்கிறது. புதியவர் மூன்று கலத்தோடு சில ஆட்டங்கள் ஆடட்டும். பிறகு எந்தப் பிரிவு பிடித்திருக்கிறதோ அதில் இன்னும் இரண்டு கலம் தேடட்டும். பழைய பொருள் விற்பவரிடம் டயல் இருக்கிறதா, பேஸ் அட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுக்கட்டும்.

தாள் தயாரானதும் வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இந்த விளையாட்டையே பார்த்திராத இருவரிடம் பெட்டியையும் தாளையும் கொடுத்துவிட்டு, அருகில் யாரும் நிற்காதீர்கள். அரைமணிக்குள் முதல் குண்டு சுடப்படாவிட்டால், அவர்கள் எந்த வரியில் நின்றார்களோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
மேசையில் எக்ஸ்-விங் ஆடியும் ஆடக் கற்றுக்கொடுத்தும் வரும் சிலர்