சிப்பி மூச்சுமுட்டிச் சாகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த ஜுராசிக் காலச் சிப்பிகள் பற்றிய கட்டுரையை எங்கள் வாசிகசாலையில் பலரும் விரும்பி வாசித்தார்கள். ஜுராசிக் என்றாலே டைனோசர்தான் என்றிருக்கும் பிள்ளைகளுக்கு, கடலடிச் சேற்றில் கிடந்த ஒரு சிப்பியைக் காட்டியது நல்ல காரியம். ஆனால் கடைசிப் பந்தியைத் திருத்த வேண்டும்.

கிரைஃபியா என்ற அந்தச் சிப்பியின் ஓடு தலைமுறை தலைமுறையாகச் சுருண்டு சுருண்டு, கடைசியில் வாய் திறக்க முடியாமல் இனமே அழிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பழைய கதை. 1922இல் ட்ரூமன் என்ற ஆய்வாளர், இங்கிலாந்தின் லயாஸ் எனப்படும் தொடக்க ஜுராசிக் பாறை அடுக்குகளில் மேலே போகப் போக ஓடு கூடுதலாகச் சுருண்டதாக எழுதினார். பாடப்புத்தகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பிற்பாடு ஹாலம் என்பவர் ஏராளமான ஓடுகளை அளந்தபோது, நன்றாகச் சுருண்ட கிரைஃபியா ஆர்குவாட்டா என்ற இனத்துக்குப் பின் வந்தவை பெருத்து, அகன்று, சுருள் குறைந்திருந்தன. சேற்றில் புரளாமல் கிடக்க அகன்ற ஓடுதான் வசதி. கீழோடு தடித்த சட்டி என்றால் மேலோடு அதற்கொரு சின்ன மூடி. பாரம் முழுக்கக் கீழே. அந்த லயாஸ் சிப்பிகள் செத்த பிறகு பல கோடி ஆண்டு கழித்து, ஜுராசிக் காலத்திலேயே படிந்த ஆக்ஸ்ஃபோர்ட் களிமண் என்ற இங்கிலாந்துப் படிவிலும் அதே பேரினத்தின் அகன்ற சிப்பிகள் கிடைக்கின்றன. வாய் திறக்காமல் அழிந்த இனம் அங்கே எப்படி வந்தது?

(இங்கிலாந்துக் கிராமத்தார் இவற்றைப் பேயின் கால்நகம் என்று சொல்லி, மூட்டுவலிக்குச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தார்களாம். நம்மவர்கள் தாயத்துக் கட்டுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கவனிக்க.)

அப்புறம், நம்மூர் விஷயம். கட்டுரை வந்ததும் பிள்ளைகள் பூநகரிப் பக்கச் சிப்பிகளைக் கொண்டுவந்து "ஜுராசிக்கா சேர்?" என்று கேட்கிறார்கள். இல்லை. ஜுராசிக் காலம் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. மன்னார், பூநகரிக் கரையோரச் சுண்ணக்கல்லோ மயோசீன் காலத்தது (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்), ஜுராசிக்குக்குப் பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல் இளையது. கரை மணலில் கிடக்கும் மட்டி அதிலும் புதிது. வவுனியா, மாங்குளம் பக்கக் கருங்கல்லில் தேடிப் பயனே இல்லை. பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய மிகப் பழைய பாறை அது. இலங்கையில் ஜுராசிக் படிவு என்றால் புத்தளம் மாவட்டத்தின் தப்போவ, ஆண்டிகம. அங்கேயும் கிடைப்பவை செடி கொடிகளின் அச்சுகள்தான், கடற்சிப்பி அல்ல.

ஜுராசிக் கடலின் உயிரைக் கண்ணால் பார்க்க ஆசையென்றால், சாளக்கிராமம் வைத்துப் பூசிக்கும் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். நேபாளத்துக் கண்டகி ஆற்றின் அசல் கல்லுக்குள் சுருண்டு கிடப்பது அம்மோனைட்டு, கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு கொண்ட கடலுயிர். அது அந்தச் சிப்பிகளின் காலத்து உயிர்.

அடுத்த கட்டுரையில் நம் கரையோரச் சுண்ணக்கல்லைப் பற்றி எழுதுங்கள். படத்தில் சிப்பிக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தையும் வையுங்கள். சென்ற முறை அது நகம் அளவா, தேங்காய் அளவா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கிளிநொச்சி