விளையாட்டு பீரியடை வீட்டுக்கு அனுப்புவோம்

ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய நம் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் இந்த 2021 ஆகஸ்டிலும் திறக்கவில்லை. பாடத்துக்குக் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, விளையாட்டுக்குத்தான் வழியில்லை. 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் சரி.

தயவுசெய்து வீடியோ அனுப்பாதீர்கள். பல வீடுகளில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. மறுநாள் என்ன விளையாடலாம் என்று முந்தின நாள் இரவு ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பினால் போதும். அப்படித்தான் என் வகுப்புப் பெண் ஒருத்தி மொட்டைமாடியில் கரித்துண்டால் பாண்டிக் கட்டம் போட்டு, தம்பிக்கும் நொண்டியடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவள் பாட்டி சொன்னபோது மனசு நிறைந்துவிட்டது. ஸ்கிப்பிங் கயிறு இல்லாத வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிறு இருக்கும்.

அப்புறம், கொரோனா வந்து தேறிய பிள்ளைகளை டாக்டரிடம் கேட்காமல் ஓடவிடச் சொல்லாதீர்கள். எத்தனை தாண்டினாய் என்று போட்டியாக்கவும் வேண்டாம். யாரோடு விளையாடினாய் என்று கேளுங்கள்.

வியாழக்கிழமைக்குள் உங்கள் வகுப்புக்கான முதல் குரல் பதிவை இங்கே போடுங்கள். தயங்குபவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், சேர்ந்தே பதிவு செய்யலாம்.